பெயர் சொல்லிக் கூப்பிடும் வரை

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் துரைக்கண்ணு இன்றைக்குக் கொஞ்சம் இறுக்கியே கட்டிவிட்டான், வலது விரல் இப்போதே மரத்துப்போய்விட்டது, போகட்டும், பிணத்துக்கு விரல் மரத்துப்போனால் யார் கேட்கப் போகிறார்கள் என்று தையல்நாயகி நினைத்தாள், நினைத்ததும் சிரிப்பு வந்தது, வந்ததை வயிற்றுக்கு மேலே ஏறவிடாமல் நிறுத்தினாள், ஏனென்றால் திரை தூக்கியாகிவிட்டது. கடைசிக் காட்சி. பதினெட்டு நிமிஷம். நெற்றியில் சந்தனத்தில் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு, தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத் துணி, கழுத்தில் காலையில் வாங்கி மத்தியானத்துக்குள் வாடிவிட்ட சம்பங்கி மாலை. இந்த நாடகத்தில் கதாநாயகனின் மனைவி மூன்றாவது காட்சி முடிவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போவாள், நான்காவது காட்சி முழுவதும் கூடத்து நடுவில் பாயில் கிடப்பாள், சுற்றி நின்று மற்றவர்கள் எல்லாரும் நடிப்பார்கள். நாற்பத்தேழு வயதில் அவளுக்குக் கிடைத்திருக்கும் வேஷம் அதுதான். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை செத்தாயிற்று, ஒரு தடவைகூட இமை ஆடியதில்லை. மூச்சை அடிவயிற்றில் மட்டும், மாலை அசையாத அளவுக்கு, நாலு எண்ணி இழுத்து நாலு எண்ணி விடுவாள். அவளுடைய பழைய வசனங்களை எல்லாரும் மறந்துவிட்டார்கள், ஆனால் பிணமாகக் கிடப்பதில் நாயகிக்கு ஈடு கிடையாது என்று சபாக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள், முப்பத்து நாலு வருஷம் நடித்ததற்கு நல்ல பெயர்தான் வாங்கியிருக்கிறாள். இன்றைக்கு மட்டும் அந்தப் பெயரைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்துவிடலாமா என்று இருந்தது. மூன்றாவது வரிசை, நடையோரத்து நாற்காலி. அதில் நிர்மலா உட்கார்ந்திருக்கிறாளா இல்லையா, அது தெரிந்தாக வேண்டும்.

கண்ணைத் திறந்தாலும் பிரயோஜனம் இல்லை. மூக்குக்கண்ணாடி மேக்கப் ரூமில் இருக்கிறது. உயிரோடு இருந்த மூன்று காட்சிகளிலும் வசனம் பேசுகிற சாக்கில் அந்தப் பக்கம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டாள், விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால் வெளுப்பாக அரிசி மாவு கொட்டின மாதிரி முகங்கள், அதில் எது யாருடையது. காது இருக்கிறது, அது போதும். தகரக் கூரை மூன்று மணி வெயிலில் காய்ந்து அவ்வப்போது டப் டப் என்கிறது, மின்விசிறி ஒன்று கிறீச்சிடுகிறது, யாரோ முறுக்குப் பொட்டலத்தைச் சத்தம் வராமல் பிரிப்பதாக நினைத்துக்கொண்டு நன்றாகச் சத்தம் போட்டே பிரிக்கிறார்கள். இதற்கெல்லாம் நடுவில் நிர்மலா என்று ஒரு மௌனம் இருக்க வேண்டும். வந்திருப்பாள். வராமல் என்ன. பாஸைத் தபாலில் போட்டுக் கூடவே இவள் எழுதியிருந்தாளே, 'ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்கு வா, முடிந்ததும் மேக்கப் ரூமுக்கு வா, அந்தப் போட்டோவைப் பற்றிப் பேச வேண்டும்' என்று. வியாழக்கிழமை நிர்மலாவுக்குக் கல்யாணம். அதற்கப்புறம் ரூர்கேலா, இரும்பாலைக் குவார்ட்டர்ஸ், இரண்டு ராத்திரி ரயில் பயணம். சொல்வதென்றால் இன்றைக்குச் சொல்ல வேண்டும்.

"என்னை விட்டுட்டுப் போயிட்டியா, என் தங்கமே!" என்று தலைமாட்டில் வாத்தியார் ஆரம்பித்துவிட்டார். சாரங்கபாணி வாத்தியார், கம்பெனி முதலாளி, கதாநாயகன், ஐம்பத்தெட்டு வயதிலும் விடாத கதாநாயகன். அவர் கண்ணீர் நிஜக் கண்ணீர், கிளிசரின் கிடையாது, அதில் அவருக்குப் பெருமை. இரண்டு சொட்டு அவள் கன்னத்தில் விழுந்து காதை நோக்கி ஓடியது, கூசியது, அசையாமல் கிடந்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் நிஜமாகவே அழுதுகொண்டு இவர் முன்னால் நின்றபோது இந்தக் கண்ணீர் எங்கே போயிருந்தது. அப்போது கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட விடாமல், "இப்ப என்ன ஆயிடுச்சு? உங்க அக்காவுக்குத்தான் கொழந்தை இல்லையே. அவகிட்ட விட்டுடு. அடுத்த மாசம் திருச்சியில ஆட்டம் இருக்கு, நீ இல்லாட்டா கம்பெனி படுத்துடும்" என்றார். விட்டாள். கம்பெனி படுக்கவில்லை, இதோ அவள்தான் படுத்திருக்கிறாள். அவர் வீட்டில் கொலு வைத்தால் போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டு வருகிறாள், அவர் மனைவி குங்குமம் கொடுக்கிறாள், எல்லார் முன்னாலும் இவளும் வாத்தியாரே வாத்தியாரே என்றுதான் கூப்பிடுகிறாள். அவருக்கு நிர்மலாவின் கல்யாணப் பத்திரிகை வந்திருக்குமா, வந்தாலும் மணப்பெண் யார் என்று யோசித்திருப்பாரா, அல்லது அட்சதை அனுப்பச் சொல்லிக் காரியதரிசியிடம் கொடுத்திருப்பாரா. கேட்டதில்லை. அவரிடம் எதைத்தான் கேட்டிருக்கிறாள்.

ஒரு காலத்தில் அவள் சிரிப்புக்காகவே டிக்கெட் விற்றது. பதின்மூன்று வயதில் வைத்தீஸ்வரன்கோயிலிலிருந்து கம்பெனிக்கு வந்தவளுக்குப் பாட்டு சுமார், ஆட்டம் சுமார், சிரிப்பு மட்டும் அமர்க்களம்; அடித்தொண்டையில் ஆரம்பித்து மேலே மேலே ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, அப்புறம் இறங்கும், இறங்கி முடிகிறவரை கூட்டம் மூச்சுவிடாது, எதிரே நிற்கிற வாத்தியார் அடுத்த வசனத்தைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு காத்திருப்பார். சினிமாவில்கூடக் கூப்பிட்டார்கள், மூன்று நாள் வைத்துச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள், படம் வந்தபோது அவள் சிரிப்பை வேறொருத்தி முகத்துக்குப் போட்டிருந்தார்கள். சரி, மேடை இருக்கிறது என்று திரும்பி வந்தாள். கதாநாயகியாக வந்தாள், பிறகு கதாநாயகியின் அக்காவாக, பிறகு அண்ணியாக, பிறகு அம்மாவாக, இப்போது அம்மாவின் பிணமாக, இதற்கப்புறம் சுவரில் மாட்டுகிற படமாக இருக்கச் சொன்னால் அதற்கும் சரியென்றுதான் சொல்வாள், வேறு என்ன தெரியும் அவளுக்கு. உஷா, மகளாக நடிக்கிற பெண், இப்போது வந்து நெஞ்சில் விழுவாள். விழுந்தாள். "அம்மா! அம்மா! கண்ணத் தொறந்து பாரும்மா!" நல்ல கனம். வாயில் வெற்றிலை பாக்கு வாசனை. இருநூற்றுச் சொச்சம் தடவை இந்தப் பெண் அவளை அம்மா என்று கதறியிருக்கிறாள், கூலிக்குத்தான், இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் வந்து விழும்போது அடிவயிற்றில் எண்ணுகிற நாலு தப்பிப்போகும், திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.

நிர்மலா அவளைச் சித்தி என்பாள். போன வாரம் வியாழக்கிழமை தனியாக வந்து வாசலில் நின்று, "சித்தி, உள்ள வரலாமா?" என்றாள். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க அக்காவின் டிரங்குப்பெட்டியைக் கிளறியபோது அடியில் கிடந்ததாம், ஒரு போட்டோ. அலமேலு அக்காவும் தையல்நாயகியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற ஸ்டூடியோப் படம். தையல்நாயகிக்கு வயிறு மேடாக, நிறைமாசத்துக்கு இன்னும் இரண்டு மாசம் குறைச்சலாக. பின்னால் ஸ்டூடியோ முத்திரையும், நிர்மலா பிறப்பதற்கு இரண்டு மாசம் முந்தின தேதியும். நிர்மலா அதை மேஜைமேல் வைத்துவிட்டு, "நான் யார் பொண்ணு சித்தி?" என்றாள், அவ்வளவுதான் கேட்டாள், குரலைக்கூட உயர்த்தவில்லை. அப்போது தையல்நாயகி என்ன செய்தாள்? சொல்லியிருக்க வேண்டாமா, பாவி? பத்து வார்த்தை. அதைச் சொல்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பை, பதினைந்து வருஷமாக எந்த மேடையிலும் சிரிக்காத அந்தச் சிரிப்பை, அடித்தொண்டையில் ஆரம்பித்து உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தி இறக்கி, "அடிப் பைத்தியமே, அது தலையணைடி! கர்ப்பிணி வேஷம்! மேக்கப்போடயே போய்ப் படம் பிடிச்சுக்கிட்டோம்!" என்றாள். என்ன பொருத்தம், என்ன வேகம், எந்த வாத்தியாரும் எழுதிக் கொடுக்காத வசனம். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது, சம்பந்தி வீட்டார் காதில் நாடகக்காரி பெண் என்று விழுந்தால் கல்யாணம் நிற்கும், அதெல்லாம் உண்மைதான்; ஆனால் அதற்காகவா சொன்னாள்? ஒருத்தர் முகம் எதிரே வந்து பதிலுக்குக் காத்திருந்தால் நடித்துவிடுவாள், அது வியாதி. நிர்மலாவும் சிரித்தாள். படத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். தெருமுனை திரும்பிப் போனதற்கப்புறம்தான் தையல்நாயகிக்குப் பட்டது: அந்தப் படத்தில் அக்கா எப்படி இருக்கிறாள்? குச்சி மாதிரி இருக்கிறாள். இரண்டு மாசத்தில் பிள்ளை பெறப் போகிறவளா அவள்? இவள் வயிற்றுக்குத் தலையணை சொன்னாளே, அக்காவின் ஒட்டின வயிற்றுக்கு என்ன சொன்னாள்? அதை அந்தப் பெண் கேட்கவே இல்லை. கேட்காமலே எழுந்து போய்விட்டாள்.

புகை வாசனை வந்தது. சாம்பிராணி. இந்தக் காட்சிக்கு நிஜச் சாம்பிராணிதான் போடுவது வழக்கம், இன்றைக்கு வேண்டாம், வெறும் நெருப்புக் கங்கு மட்டும் வை என்று காலையிலேயே துரைக்கண்ணுவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி முதல் தடவையாக என் நாடகம் பார்க்க வருகிறாள், அவளுக்கு இழுப்பு உண்டு, புகை ஆகாது என்று. மறந்துவிட்டானா, அல்லது வாத்தியார் அதட்டிப் போடவைத்தாரா. மூடிய இமைக்கு மேலே புகை நகர்ந்து மேடை விளிம்பைத் தாண்டி இறங்குவது அவளுக்குத் தெரிந்தது, முதல் வரிசை, இரண்டாவது வரிசை, வேண்டாம், வேண்டாம். இருமல். மூன்று குட்டை இருமல், அதன் பின்னால் விசில் மாதிரி ஓர் இழுப்பு. வந்திருக்கிறாள்! நிர்மலாதான்! கடவுளே, வந்துவிட்டாள் என்று உடம்பெல்லாம் சந்தோஷம் பரவியது, பரவின உடனேயே சீ என்றிருந்தது, பெற்ற பெண் மூச்சுக்குத் திணறுகிறது, அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற பிறவி எங்கேயாவது உண்டா. மறுபடி மூன்று. மறுபடி இழுப்பு. யாரோ உஸ் என்றார்கள். எழுந்து அந்தத் தூபக்காலை எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது. வாத்தியார் அழுதார், உஷா அழுதாள், தையல்நாயகி நாலு எண்ணி இழுத்து நாலு எண்ணி விட்டாள். நாற்காலி ஒன்று தடாலென்று மடங்கியது. செருப்புச் சத்தம் நடையில் போனது. வெளி வாசல் பக்கமா, பக்கவாட்டுக் கதவுப் பக்கமா? பக்கவாட்டுக் கதவு. அது துருப்பிடித்த கதவு, நாய் ஊளையிடுகிற மாதிரி சத்தம் போடும், போட்டது. அந்தக் கதவு மேக்கப் ரூமுக்குத்தான் போகிறது. அங்கே பானையில் தண்ணீர் இருக்கும், உட்கார முக்காலி இருக்கும். காத்திருக்கப்போகிறாள். இன்னும் ஐந்து நிமிஷம். ஐந்தே நிமிஷம், கண்ணே, இதோ வந்துவிட்டேன்.

திரை விழுந்தது. கைதட்டல். எழுந்துவிடலாம் என்றால் முடியாது, இந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருக்கிறது. மேடையில் செத்தவர் தானாக எழக் கூடாது. வாத்தியார் வந்து, வேஷத்தின் பெயரைச் சொல்லாமல் சொந்தப் பெயரைச் சொல்லி, மூன்று தடவை கூப்பிட வேண்டும், மூன்றாவதற்குத்தான் எழ வேண்டும், இல்லாவிட்டால் மேடையில் செத்த சாவு வீடு தேடிப் போய்விடும் என்று வாத்தியாரின் வாத்தியார் காலத்திலிருந்து நம்பிக்கை. வழக்கமாகத் திரை தரையைத் தொடுவதற்குள் கூப்பிட்டு முடித்துவிடுவார். இன்றைக்கு யாரோ ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை தாங்க வந்திருக்கிறார், சபா செயலாளர் ஓடிவந்து, "வாங்க வாங்க, ஜட்ஜ் பொன்னாடையோட நிக்கிறார்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். திரைக்கு முன்னால் மைக் கரகரத்தது. நீதிபதி தொண்டையைச் செருமினார். "அக்கா, எந்திரிங்க, யாரு பாக்கப் போறா" என்று உஷா தோளைத் தொட்டாள். கட்டின தாடைக்குள்ளிருந்து, "வாத்தியாரக் கூப்பிடு" என்றாள். "அவரு இப்ப வர மாட்டாரு, மாலைக்குக் கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கிறாரு" என்று சிரித்துக்கொண்டே உஷா போய்விட்டாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும். ஒரே ஒரு தடவை, திருச்சியில், நிர்மலாவுக்கு மூன்று வயது இருக்கும்போது, பூரான் ஒன்று கைமேல் ஏறியதென்று தையல்நாயகி, வாத்தியார் கூப்பிடுவதற்கு முன்னாலேயே உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். மறுநாள் அக்காவிடமிருந்து தந்தி: குழந்தைக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் ஆரம்பித்ததாம். அதுதான் முதல் இழுப்பு. அதற்கப்புறம் எத்தனை மேடையில் எத்தனை சாவு செத்தாலும் அவள் தானாக எழுந்ததில்லை, தேள் ஏறியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். இப்போது அந்தப் பெண் பத்தடி தூரத்தில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இப்போதா எழுவது? நாலு நாளில் கழுத்தில் தாலி ஏறப்போகிற பெண்ணின் மூச்சோடு விளையாடவா? நீதிபதி தம் இளமைக் காலத்து நாடகங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், முடியட்டும், சீக்கிரம் முடியட்டும், நிர்மலா, போய்விடாதே, நீ நன்றாக இருக்கத்தான் கிடக்கிறேன். வந்ததும் என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டாள். 'அது தலையணை இல்லைடி. நீதான்.' அவ்வளவு போதும். சிரிக்கக் கூடாது. அழவும் கூடாது, அழுதால் அதுவும் நடிப்பு மாதிரியே வந்து தொலைக்கும். தண்ணீர் கொடுக்கிற மாதிரி சொல்லிவிட வேண்டும். அது தலையணை இல்லைடி, நீதான். நீதிபதி முடித்து வாத்தியார் நன்றி சொன்னார், கலைக்காக எல்லாவற்றையும் தியாகம் செய்தவன் நான் என்றார், கைதட்டினார்கள்.

பொன்னாடை சரசரக்க வந்து, "தையல்நாயகி" என்றார் அவசரமாக. நாலு எண்ணினாள். "தையல்நாயகி." நடுவில் யாருக்கோ வணக்கம் சொன்னார், சொல்லி முடிக்கிறவரை கிடந்தாள். "தையல்நாயகி, எந்திரி." கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தாள். காசு நெற்றியிலிருந்து உருண்டு மடியில் விழுந்தது, வாத்தியார் அதற்குள் போய்விட்டிருந்தார். பாயைச் சுருட்டத் துரைக்கண்ணு கால்மாட்டில் வந்து நின்றான், இருபது வருஷமாகத் திரை இழுக்கிறவன், முகத்தில் தப்புச் செய்த களை.

"சாம்பிராணி நான் போடலம்மா, வாத்தியாருதான் சத்தம் போட்டாரு."

"அதை விடு. மேக்கப் ரூம்ல ஒரு பொண்ணு உக்காந்திருக்கும் பாரு, இருமிக்கிட்டு. தண்ணி குடுத்தியா?"

"குடுத்தேம்மா. நல்லாத்தான் இருந்துச்சு, தண்ணி குடிச்சதும் இருமல் நின்னுடுச்சு. நீங்க சொன்ன பொண்ணுதானா அது? உக்காருன்னேன், உக்காரல. அந்தத் தட்டி ஓரமா வந்து நின்னு உங்களையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"எப்ப?"

"திரை விழுந்தப்புறந்தான். உஷாம்மா எழுப்பினாங்களே, அப்பக்கூட நின்னுச்சு. நீங்க எந்திரிக்கலையா, அதப் பாத்துட்டு, திரை விழுந்தப்புறமும் நடிப்பாங்களான்னு கேட்டுச்சு. இல்லம்மா, இது எங்க கம்பெனி வழக்கம், கூப்பிட்டாத்தான் எந்திரிப்பாங்கன்னு சொன்னேன். என்னத்தப் புரிஞ்சுக்கிச்சோ. ஜட்ஜையா பேச்சுல பாதி போறவரைக்கும் நின்னுச்சு. அப்புறம் பஸ் வந்துடுச்சும்மா, போயிடுச்சு. இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சு."

பழுப்புக் கவர். பிரிக்காமலே விரலுக்குத் தெரிந்தது, ஸ்டூடியோ அட்டையின் தடிமன்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சித்தி ரெண்டு தடவையும் நல்லா நடிச்சாங்கன்னு சொல்லுங்கன்னுச்சு." துரைக்கண்ணு பாயின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தான். "ரெண்டாவது தடவை எப்பம்மா பாத்துச்சு? இதுதான் மொதத் தடவைன்னு காலையில சொன்னீங்களே?"

வெளியே பஸ் ஒன்று நிறுத்தத்தை விட்டுக் கிளம்புகிற சத்தம் கேட்டது, அந்த பஸ்ஸோ அதற்கு அடுத்ததோ. எழுந்து ஓட வேண்டும் என்று தையல்நாயகி இரண்டு கையையும் தரையில் ஊன்றினாள். கால் வரவில்லை.

"முடிச்சை அவுத்து விடு, துரைக்கண்ணு."

"திரை விழுந்ததுமே அவுத்துட்டேனேம்மா" என்றான்.